ஈடாக வந்த குடம்

போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் நாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் இராஜபாளையத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். இப்போது ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கிறோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, இந்தக் காலத்துத் திருட்டுப் பயத்தில் வந்து நின்றது. ஒருத்தி வீட்டில் கதவுக்கு மேல் கம்பிக் கதவு போட்டிருக்கிறாள். இன்னொருத்தி நாய் வளர்க்கிறாள். அப்போது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "நம்ம சின்ன வயசுல இதெல்லாம் உண்டா? கதவைத் தெறந்து போட்டுல்லா தூங்குனோம்." எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அப்படித் தூங்கியது உண்மைதான். ஆனால் அது ஒரு கோடைக்குப் பிறகு வந்த தூக்கம். அந்தக் கோடையை நீங்கள் மறந்திருக்கலாம், அல்லது மறந்தது போல் இருக்கலாம். எழுதி வைக்கிற பழக்கம் நம்மில் எனக்குத்தான் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

வருஷத்தை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது எனக்கே குறைதான். யுத்த காலம் என்று உங்களில் இருவர் சொல்கிறீர்கள். அது சரியில்லை. அந்தக் கோடையில் நம் தெருவில் வாசலுக்கு ஓர் அரிக்கேன் விளக்கு விடிய விடிய எரிந்தது. யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு ஏற்பட்ட பிறகு யாரும் அப்படி எரித்திருக்க முடியாது. மில் சங்கு ஊதியது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே மில் வந்த பிறகு, யுத்தத்துக்கு முன்பு. மாதங்களில் சந்தேகம் இல்லை. மாசியில் தொடங்கி ஆடியில் முடிந்தது.

மில் வந்ததும் ஊரில் புது முகங்கள் சேர்ந்தன. சுந்தரபாண்டியத்திலிருந்தும் இன்னும் தள்ளியிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். சங்கு ஊதியதும் பஞ்சு ஒட்டிய தலையோடு நம் தெரு வழியாகப் போவார்கள். பெரியவர்களுக்கு அவர்களைப் பார்த்தாலே பயம். "எவன் எந்த ஊர்க்காரன்னு தெரியல. களவு கூடிப்போச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லத் தொடங்கியபோது தெருவில் ஒரு களவும் நடந்திருக்கவில்லை.

தெருவுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். கூமாப்பட்டிப் பக்கத்துக்காரர். கிழக்குக் கடைசியில் ஒரு குடிசையில் மனைவியோடு இருந்தார். அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு இவ்வளவு என்று சோளம் அளப்பார்கள். பொங்கலுக்கு ஒரு வேட்டி. கிறிஸ்தவ வீடுகளான எங்கள் இரண்டு வீட்டிலும் அதைக் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்போம். இரும்பு வளையம் கோத்த கம்பு ஒன்று வைத்திருந்தார். அவர் நடக்கும்போது அது கிலுங்கும். பகலில் நாங்கள் அதைக் கேட்டு வாங்கிக் கிலுக்கி விளையாடுவோம். எண்ணெயும் வியர்வையும் ஏறி அது கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தது.

காவலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. களவு போனால் காவல்காரர் பொருளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்றைத் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சீட்டு, சாட்சி ஒன்றும் கிடையாது. அவருடைய அப்பா காலத்திலிருந்து வாய்ச்சொல்லாக நடந்து வந்தது. அதுவரை ஈடு கொடுக்கிற நிலைமை வந்ததே இல்லை என்று அப்பா சொல்வார்.

மாசியில் பஞ்சுக்கடைக்காரர் வீட்டுக் குத்துவிளக்கு காணாமல் போனது. தெருவில் அவர்தான் பெரிய மனிதர். அவர் வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது. காவல்காரர் மேற்கே மலையடிவாரம் நோக்கிப் போனார். மூன்றாம் நாள் விளக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். தெருவே கூடிவிட்டது.

"எங்கலே கெடைச்சது?" என்றார் பஞ்சுக்கடைக்காரர்.

"அதைக் கேக்கக் கூடாது மொதலாளி. கேட்டா அடுத்த தடவை கெடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பாவும் சிரித்தார். அந்த ஆண்டில் நடந்த உண்மையான களவு அது ஒன்றுதான். இதை நான் பிறகு விசாரித்து எழுதுகிறேன். அன்று தெருவில் இருந்த யாருக்கும் இது தெரியாது.

அந்த வருஷம் மழை இல்லை. தெருக் கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. கயிற்றோடு கயிறு முடிந்து இறைத்தார்கள். முடிச்சு உருளையில் வந்து இடறும்போது கை கொஞ்சம் அசந்தால் குடம் போய்விடும். அடியில் இடுப்பளவு சேறு. விழுந்த குடம் கண்ணுக்குத் தெரியாது. தூண்டில் போலப் பல கொக்கிகள் வைத்த பாதாளக் கரண்டி என்று ஒன்று உண்டல்லவா, அதை விட்டுத் துழாவினால் எடுக்கலாம். ஆனால் அது பஞ்சுக்கடை வீட்டில் தொங்கியது. அதைக் கேட்டு வாங்கினால் இன்ன வீட்டுக்காரி குடத்தைப் போட்டுவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும். போட்டவளின் மாமியாருக்கு முதலில் தெரியும்.

பங்குனியில் பஞ்சுக்கடை வீட்டுச் செம்புக் குடம் களவு போனதாக அவர் மருமகள் அழுதாள். புறவாசலில் கவிழ்த்து வைத்தது, காலையில் இல்லை என்றாள். காவல்காரர் போய்த் தேடினார். நாலைந்து நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். பிறகு தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் விற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடையில் புதுக் குடம் வாங்கிக் கொடுத்தார். அடுத்துத் தெலுங்கு பேசுகிற வீட்டில். அந்த வீட்டுக் குமரிப் பெண் வைத்திருந்த பித்தளைக் குடம். அந்தத் தடவை காவல்காரர் மனைவி காதில் தொங்கிய பாம்படம் விற்பனைக்குப் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரைக் கண்டதும் "தொங்கா, தொங்கா" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் பேச்சில் அது திருடன். நாங்களும் கற்றுக்கொண்டோம். அவர் கம்பைக் கிலுக்கிப் பயம் காட்டிச் சிரிப்பார்.

மூன்றாவது எங்கள் வீடு. இது எப்படி நடந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து, அத்தை இறந்த பிறகு. ஆனாலும் வரிசை குழம்பாமல் இருக்க இங்கேயே எழுதுகிறேன். எங்கள் வீட்டை நடத்தியது அப்பாவின் அக்காள். கணவரை இழந்து திரும்பி வந்தவர். அந்தப் பித்தளைக் குடம் அவருடைய கல்யாணச் சீர். அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் அதன் கழுத்தில் வெட்டியிருந்தது. அம்மா அதைக் கிணற்றில் விட்டுவிட்டாள். முடிச்சு இடறியது, கயிறு உருவிக்கொண்டு போனது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "ஏட்டி, கொடத்தை எங்க?" அம்மா வாயில் வந்தது ஒரே வார்த்தை. "காணோம்."

"காணோமா? கழுவி வச்ச கொடம் எங்க போகும்? அந்தக் களவாணிப் பயதான்!" என்று அத்தை தெருவுக்கு வந்துவிட்டார்.

காவல்காரரிடம் விற்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நாள் காலையில் அவர் மனைவி தன் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். எனக்கு அப்போது அம்மை போட்டு, உள்ளே வேப்பிலையில் படுத்திருந்தேன். கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அத்தை குடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றி வைத்துக் கீழே தடவிப் பார்த்தார்.

"ஒடுக்கு விழுந்திருக்கே?"

"எங்கப்பன் வீட்டுலருந்து வாரப்ப வண்டில இடிபட்டது அம்மா. ஒழுகாது."

"எங்க கொடம் இதைவிடக் கனம்."

"தெரியும் அம்மா. எங்கிட்ட இதான் இருக்கு." பிறகு அவள் என் பக்கம் எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு? எளநி குடுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அந்த வாரமே அத்தை பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு அந்தக் குடத்தில் எங்கள் எழுத்தைப் போட்டார். பழைய எழுத்தை அழிக்கவில்லை. அதன் மேலேயே வெட்டச் சொன்னார். அம்மை இறங்கும்வரை நான் குடித்த தண்ணீர் அந்தக் குடத்துத் தண்ணீர்தான். ஒடுக்கு இருந்த இடத்தில் பித்தளை கொஞ்சம் கறுத்திருக்கும். படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூனை முகம் போல இருக்கும்.

சித்திரையில் பஞ்சுக்கடைக்காரர் வீட்டு முற்றத்தில் தெரு ஆண்கள் கூடினார்கள். அங்கே பேசியதை அப்பா எங்களுக்குப் பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"விளக்கை எப்படிவே மூணே நாள்ல கொண்டாந்தான்? வச்சவனுக்குத்தான எடுக்கத் தெரியும்? கேக்கக் கூடாதாம்லா!" என்றாராம் பஞ்சுக்கடைக்காரர்.

"அதுவும் சரிதான்."

"ஆட்டை வித்தான், பாம்படத்தை வித்தான், கடைசில தண்ணிக் கொடத்தையும் குடுத்தான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசினானா? நாமளா இருந்தா சும்மா குடுப்பமா? சண்டைக்குல்லா போவோம். களவாங்காதவன் எதுக்கு வாயைத் தெறக்காமக் குடுக்கான்?"

எங்கள் அப்பா பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஆலையில் கணக்கர். தெருவில் அதிகம் படித்தவர் அவர்தான். ஆங்கிலத்தில் சட்டப் புத்தகங்கள்கூடப் படிப்பார். அவர் யோசித்துவிட்டு, "தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்றாராம். ஸ்டேஷனுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அவரே. என்ன அழகான கையெழுத்து தெரியுமா! எறும்பு வரிசை போல, ஓர் அடித்தல் இல்லாமல். மேஜையில் அது காய்ந்துகொண்டிருந்தபோது நான் பார்த்தேன். என் அப்பாவைப் போல் யாருக்கும் எழுத வராது என்று நினைத்தேன். வாக்கு தவறாமல் ஈடு கொடுத்த மனிதர், ஈடு கொடுத்ததனாலேயே குற்றவாளி என்று அந்தக் கையெழுத்து சொன்னது. இன்றும் நான் எழுதும்போது என் எழுத்தில் அப்பாவின் சாயல் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் சில ஜாதிக்காரர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று வைத்த ஒரு சட்டம் இருந்தது. அதன் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் கைரேகை எடுத்துக்கொள்வார்கள். பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனில் போய்ப் படுத்து, விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வரலாம். இராத்திரியில் தெருவைக் காத்தவர் அதன் பிறகு இராத்திரியில் ஸ்டேஷனில் படுத்தார். காவல் போனது, சோளம் போனது. பகலில் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் அதுவரை அப்பா, கள்வர் பயம் நீங்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டு வந்தார். அன்று முதல் அதற்குப் பதிலாக, பயம் நீங்கியதற்கு நன்றியாக ஸ்தோத்திரம் சொன்னார். அம்மா ஆமென் சொன்னாளா என்று எனக்கு நினைவில்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனியில் கிணறு வற்றியே போனது. தூர் வாரினார்கள். இரண்டு பேர் உள்ளே இறங்கிச் சேற்றைக் கூடையில் அள்ளிக் கொடுக்க, மேலே நாலு பேர் இழுத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் காவல்காரர். கூலிக்கு ஆள் கேட்டபோது அவர்தான் முதலில் வந்து நின்றாராம். தெருப் பெண்கள் எல்லோரும் கிணற்றடியில் நின்றார்கள். எனக்கு உடம்பு தேறியிருந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். அழுகின தழை நாற்றம் வீசியது.

முதல் குடம் கூடையில் வந்தபோது கயிறு அவர் கையில் இருந்தது. சேற்றை வழித்துப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் தேடி அலைந்த குடம் அல்லவா, அடையாளம் தெரிந்துவிட்டது.

"மொதலாளி! இந்தா பாருங்க, உங்க கொடம்! கெணத்துக்குள்ளல்லா கெடந்திருக்கு!"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சேறு அவர் முகத்தில் வழிந்தது. சற்று நேரத்தில் தெலுங்கு வீட்டுக் குடம் வந்தது. பிறகு எங்களுடையது. மூன்றையும் வரிசையாகக் கல்மேல் வைத்துவிட்டு, கூலியை வாங்க நிற்பவர் போல் அல்லாமல், பரிசு வாங்க நிற்பவர் போல் நின்றார்.

பஞ்சுக்கடைக்காரர் ஒவ்வொரு குடத்தின் கழுத்தையும் கட்டைவிரலால் துடைத்து எழுத்தைப் பார்த்தார். நிமிர்ந்து தம் மருமகளை ஒரு தடவை பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். பிறகு அவர் கேட்டார்: "கை கால் மொளைச்சு நடந்தா வந்துச்சு கெணத்துக்கு?"

கூட்டம் சிரித்தது. காவல்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"சிரிக்காதலே. களவாண்ட சாமானைக் கெணத்துல ஒளிச்சு வச்சிருக்க. கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துட்டுப் போகலாம்னுதான?"

அவருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நானா? நான் போட்டிருந்தா நானே தூக்கிக் காட்டுவனா மொதலாளி?"

அப்பா தொண்டையைக் கனைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். காவல்காரர் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார்.

"தாயி, யாராச்சும் கைதவறி விட்டிருந்தா சொல்லிருங்க. குத்தமில்ல. கெணத்துல கொடம் விழுகிறதுதான். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஸ்டேஷன்ல பேரை எடுத்துருவாக."

நான் பிடித்திருந்த சேலை ஆடியது. அத்தை சொன்னார்: "ஏட்டி, வேடிக்கை போதும். அடுப்புல சோறு கெடக்கு. உள்ள போ." அம்மா உள்ளே போனாள். நானும் கூடவே போனேன்.

சாயங்காலம் காவல்காரர் மனைவி வந்தாள். வாசலில் ஏறவில்லை. "உங்க கொடம் கெடைச்சிருச்சுல்ல அம்மா. எங்க கொடத்தை மட்டும் குடுங்க. தண்ணி எடுக்கச் சட்டிதான் இருக்கு" என்றாள். அம்மா அடுப்படியில் அந்தக் குடத்தின் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றத் தொடங்கினாள். அப்பா தடுத்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "இப்போது திருப்பிக் கொடுத்தால் மனுவில் எழுதியது பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும்" என்றார். அம்மா ஊற்றிய தண்ணீரை மறுபடி குடத்திலேயே ஊற்றினாள். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். வாசலில் நின்றவள் திரும்பிப் போய்விட்டாள். மூன்று வீடுகளிலும் அதற்குப் பிறகு இரண்டு இரண்டு குடம்.

காவல்காரரும் மனைவியும் ஊரைவிட்டுப் போனார்கள். தூர் வாரிய கிணற்றுக்குப் பஞ்சுக்கடைக்காரர் புது இரும்பு உருளையும் தேங்காய் நார்க் கயிறும் வாங்கிப் போட்டார். மழையும் பெய்தது. அதன் பிறகு தெருவில் ஒரு குடமும் காணாமல் போகவில்லை. "பாத்தீங்களா, அவன் போனான், களவும் போச்சு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாம் கதவைத் திறந்து போட்டுத் தூங்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆடிப்பூரத்துக்கு நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டுக்குப் போனோம். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் தேர்ச் சந்தைக்குப் போவது மாமா வீட்டில் வழக்கம். தேரடியில் வளையல் கடைகளுக்கு அந்தப் பக்கம் காவல்காரர் மனைவி பொரிகடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பாம்படம் இல்லாத காது தோளைத் தொட்டுக்கொண்டு ஆடியது. அம்மா என் கையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"பிள்ளைக்கு அம்மைத் தழும்பு மறைஞ்சிருச்சே!" என்று சிரித்தாள். ஒரு கை பொரி அள்ளி என் பாவாடையில் போட்டாள். "அவுகளுக்கு இப்ப இந்த ஊரு ஸ்டேஷன்தான். மாத்தி எழுதிட்டாக. மழைன்னாலும் ராத்திரி அங்கதான் படுக்காக. இருமல்தான் விடல."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் மடியிலிருந்த பொரியைத் தட்டிவிடச் சொன்னாள். நான் தட்டிவிட்டேன்.

இனிச் சொல்லப் போவதில் உங்களில் இருவருக்கு வருத்தம் உண்டாகலாம். அம்மா தன் குடத்தைப் பற்றி என்னிடம் சொன்ன பிறகு, மற்ற இரண்டும் எப்படிக் கிணற்றுக்குள் போயின என்று அறிய விரும்பினேன். பஞ்சுக்கடை வீட்டு மருமகளை மதுரையில் அவர் மகன் வீட்டில் போய்ப் பார்த்தேன். முதலில் நினைவில்லை என்றார். காபி கொடுத்தார். நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, "அது நான் போட்டதுதான் தாயி. மாமியாருக்குப் பயந்து சொல்லல. ஆனா மத்தது ரெண்டும் அவன் எடுத்ததுதான்" என்றார். தெலுங்கு வீட்டுப் பெண்ணை அடுத்த மாதம் பார்த்தேன். எனக்கு மூத்தவர். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயமாம். குடத்தைப் போட்ட பெண் என்று பேர் வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள் என்று பயந்தாராம். "என்னோடது ஒண்ணுதான் அப்படி. மத்த வீட்டுல நெசமாவே களவு" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் போனேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சொன்னதை நான் இன்னும் சொல்லவில்லை. அந்தக் குடத்தைப் பற்றி மறுபடி கேட்டேன்.

"எத்தனை தடவை கேப்ப? எங்கொடம் நான் போட்டது. அந்தப் பாவம் எனக்கு இருக்கு. ஆனா மத்த வீட்டுல அவன் களவாண்டான்ல. பொறவு எதுக்கு நீ கெடந்து மருகுத?"

"அவங்களும் பொய் சொல்லியிருந்தா?"

"போடி. ஒரு தெருவுல அம்புட்டுப் பேருமா பொய் சொல்லுவாங்க?"

அப்போதுதான் மதுரைக்குப் போனதையும், அங்கே கேட்டதையும், தெலுங்கு வீட்டுப் பெண் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா கீரையை உருவிக்கொண்டேதான் கேட்டாள். கீரை தீர்ந்து வெறும் காம்பைக் கொஞ்ச நேரம் உருவினாள்.

"அப்ப அவரு ஒண்ணுமே எடுக்கலையா?" என்றாள்.